கோலுக்குப் பின்னால் நின்றவன்

எங்கள் ஊர்க் கழகத்தில் பந்தடிக்கிறவர்கள் பதினொரு பேர், நிர்வாகம் பார்க்கிறவர்கள் பதினேழு பேர். பகிடிக்குச் சொல்லவில்லை. தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், மூன்று போஷகர்கள், மிச்சம் எல்லாரும் செயற்குழு. லண்டனில் கிழமை முழுக்கப் பெற்றோல் ஷெட்டில் நின்றாலும், யாருடையதோ உணவகத்தில் கோப்பை கழுவினாலும், ஞாயிற்றுக்கிழமை ஒரு பதவி இருந்தால் மனிதன் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறான். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பதினேழு பேரும் எல்லைக்கோட்டில் நின்று பதினேழு விதமாகக் கத்தினால் பந்து எங்கே போகும்? எங்கள் கோலுக்குள்தான் போகும். போனது.

எனக்கு ஒரு பதவியும் இல்லை. நான் வெறும் ரசிகன். எண்பதுகளின் நடுவில் வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் ஐந்து பேருடன் படுத்து, பாண் சுடுகிற தொழிற்சாலையில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். முதல் கோடையில் அறையில் இருந்த ஒருவர், "வாரும், பந்தடி பாக்கப் போவம்" என்று கூட்டிக்கொண்டு போனார். வலை இல்லாத கோல் கம்பங்கள், ஒரு பக்கம் சரிந்த புல்தரை, காதை அறுக்கிற காற்று. அங்கே ஐம்பது பேர் சேர்ந்து எங்கள் ஊரின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். ஊரில் இருந்தபோதுகூட நான் அதைக் கேட்டதில்லை. ஊருக்குள் இருக்கிறவன் எதற்கு ஊரின் பெயரைக் கத்தப் போகிறான்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு பத்து வருடம் ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. ஷிப்ட் மாற்றினேன், மனைவியோடு சண்டை பிடித்தேன், காய்ச்சலோடும் போனேன்.

எனக்கு ஆட வராது. நான் உதைத்தால் சப்பாத்துத்தான் கோலுக்குள் போகும். ஆனால் பார்க்கத் தெரியும். எல்லைக்கோட்டில் நிர்வாகம் நிற்பதால் நான் எங்கள் கோலுக்குப் பின்னால் போய் நிற்பேன். அங்கே நின்றால் முழு மைதானமும் தெரியும். யார் ஓடவில்லை, யார் ஓடுவதுபோல நடிக்கிறான், எதிரணியில் யார் ஒளிந்து வருகிறான், எல்லாம் தெரியும். தெரிந்ததைச் சும்மா வைத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. என் தொண்டையைப் பற்றி மற்றக் கழகங்களிலும் பேச்சு இருந்தது.

நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையைப் பற்றி. லண்டன் தமிழ் ஊர்க் கழகங்களின் ஞாயிற்றுப் போட்டி சித்திரையில் தொடங்கிப் புரட்டாதியில் முடியும். கடைசி இடத்தில் வருகிற கழகம் அடுத்த வருடம் இல்லை. இடத்துக்காகக் காத்திருந்த கழகங்கள் அவ்வளவு. அந்தக் கோடையில் முதல் ஐந்து ஆட்டங்களிலும் தோற்றோம். இன்னும் நாலு மாதத்தில் எங்கள் ஊரின் பெயர் அந்த அட்டவணையிலிருந்து போய்விடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கியது.

தோற்றதற்குக் காரணமும் எல்லாருக்கும் விளங்கியது, வாயைத் திறக்கத்தான் ஆளில்லை. கோலில் நின்றவர் தலைவரின் மச்சான், மனைவியின் தம்பி. நாற்பதை நெருங்கியவர். நல்ல மனிதர், வயிறும் நல்ல வயிறு. பந்து இடப்பக்கம் வந்தால் அவர் இடப்பக்கம் பார்ப்பார். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. அவரை மாற்ற வேண்டும் என்று நான் பின்னால் நின்று ஐந்து ஞாயிறும் கத்தினேன். மாற்ற ஆள் இல்லை என்றார்கள். கழக விதிகளை எழுதிவைத்த யாப்பின் நாலாம் பிரிவு அப்படி. ஆடுகிறவரோ அவரின் தாயோ தகப்பனோ எங்கள் ஊரில் பிறந்திருக்க வேண்டும். மற்றக் கழகங்கள் எல்லாம் கால் இருக்கிறவனைப் பிடித்துவந்து சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், எங்களுக்கு அது ஒரு பெருமை.

அணியைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் மனேஜர் என்றே கூப்பிடுவோம். ஊரில் எங்கள் கழகத்துக்கு ஆடியவர், அதிகம் கதைக்காதவர், பிடித்தால் பிடித்ததுதான். எனக்கும் அவருக்கும் ஆகாது. புதன்கிழமைப் பயிற்சிக்கு வராதவன் ஞாயிறு ஆடக்கூடாது என்பது அவருடைய சட்டம். ஷிப்ட் வேலை செய்கிற சனத்துக்கு இப்படி ஒரு சட்டம் போடுகிறவரை என்ன சொல்வது? ஆனால் ஆறாவது ஆட்டத்துக்கு அவர் ஒரு புதிய கோல்கீப்பரோடு வந்தார். அதற்காக அவரை அன்று கட்டிப்பிடித்திருப்பேன்.

புதியவருக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். நெட்டை. லூயிஷாமில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. தாய் எங்கள் ஊர், தகப்பன் வேறு ஊர் என்று மனேஜர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். அன்று கோலுக்குள் போகவேண்டிய இரண்டு பந்துகளைப் பிடித்தார். பிடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல உருட்டிவிட்டார். நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம்.

அந்த ஆட்டத்தின் இடைவேளையில் என்னிடம் வந்தார்.

"அண்ணை, நீங்கள் பின்னால நிண்டு சொல்லுறது நல்லாக் கேக்குது. கோர்ணர் அடிக்கேக்க ஆரும் பின்னுக்கால வந்தால் சொல்லுங்கோ. நான் பந்தைத்தான் பாப்பன், ஆக்களைப் பாக்க ஏலாது."

பத்து வருடமாகக் கத்துகிறேன். கேட்கிறது என்று ஒருவர் சொன்னது அன்றுதான். அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே கோல் காத்தோம் என்று சொன்னால் அது கொஞ்சம் என் வாய்க்கொழுப்பு, ஆனால் முழுப் பொய் இல்லை. "தம்பி, இடப்பக்கம்!" என்றால் இடப்பக்கம் நகர்வார். "வெளியில வா!" என்றால் யோசிக்காமல் கோட்டை விட்டு வெளியே பாய்வார். திரும்பிப் பார்க்கவே மாட்டார். அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஒன்றை வென்றோம், ஒன்று சமம். அட்டவணையில் எங்களுக்குக் கீழே ஒரு கழகம் வந்தது.

ஆட்டம் முடிந்தபின் என் பிளாஸ்கிலிருந்து அவருக்குத் தேநீர் ஊற்றுவேன், ஊரில் இருந்த என் அக்கா குடும்பத்தைப் பற்றியும் கதைப்பேன். பிளாஸ்க் மூடியை நீட்டினால் வாங்கமாட்டார். தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கோப்பையை எடுத்து நீட்டுவார். சமையலறையில் வேலை செய்கிறவர், சுத்தம் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இரண்டாம் கிழமையே நான் அவரிடம், "அம்மா ஊரில எந்தப் பக்கம்?" என்று கேட்டிருந்தேன். "கேணியடிப் பக்கம்" என்று சொல்லிவிட்டு உடனே பந்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். கேணிக்குக் கிழக்கும் உண்டு, மேற்கும் உண்டு. எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததை நான் கவனித்தேன்.

எங்கள் சனம் ஒருவரை ஒருவர் சந்தித்தால் மூன்று கேள்வி கேட்கும். ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்? யாருடைய பிள்ளை? கேட்கிறவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார். மூன்றாவது பதில் வருவதற்குள் எதிரே நிற்கிறவரின் சாதி தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயால் எடுக்கவே தேவையில்லை. ஹீத்ரோவில் இறங்கும்போது எத்தனையோ சாமானைத் தொலைத்தோம், இந்த மூன்று கேள்வியையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தோம்.

ஒன்பதாவது ஆட்டம் எங்கள் பக்கத்து ஊரோடு. அவர்களிடம் தோற்றால் ஒரு வருடம் தலை நிமிர முடியாது. எங்கள் சிறந்த முன்கள வீரன் புதன்கிழமைப் பயிற்சிக்கு வரவில்லை. ஷிப்ட் மாற்றக் கிடைக்கவில்லையாம். மனேஜர் அவனைக் கரையில் இருத்தினார். சட்டை போட்டுக்கொண்டு, சப்பாத்துக் கட்டிக்கொண்டு, தொண்ணூறு நிமிடமும் அவன் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஒரு கோலால் தோற்றோம். நான் மனேஜரிடம் போய் மூஞ்சைக்கு நேரே கத்தினேன்.

"சட்டம் சட்டம்தான்" என்றார்.

"அப்ப எல்லாச் சட்டத்தையும் பாப்பம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு ரெய்னர்ஸ் லேனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுக்கூட்டம். மேசையில் ரோல்ஸ், தேநீர், மேடையில் பதினேழு பேர். ஆட்டக்காரர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். "ஆருக்கும் கேள்வி இருக்கோ?" என்று தலைவர் கேட்டதும் எழும்பினேன்.

"மனேஜரிட்டை ஒரு கேள்வி. யாப்பு, நாலாம் பிரிவு. எங்கட கோல்கீப்பரின்ர படிவத்தில தாய் எங்கட ஊர் எண்டு மட்டும் கிடக்குது. ஊரில எந்தப் பக்கம்? ஆரின்ர மகள்? அதை விசாரிச்சோ சேர்த்தவர்?"

மனேஜர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "உமக்குக் கோவம் என்னோட. அதை என்னோட வைச்சுக்கொள்ளும், ஐசே" என்றார்.

"நான் யாப்பைத்தான் கேக்கிறன்."

அப்போது தேநீர் மேசைப் பக்கமிருந்து கோல்கீப்பரின் குரல் வந்தது. கையில் அதே பிளாஸ்டிக் கோப்பை.

"நான் சொல்லுறன் அண்ணை. அம்மா கேணிக்கு மேற்கால, பனங்காணியில பிறந்தவ. அவவின்ர தகப்பனை உங்களுக்குத் தெரியும். உங்கட வளவுப் பனையளில கள்ளுச் சீவினவர் அவர்தான்."

எனக்கு அவரைத் தெரியும். காலையும் மாலையும் எங்கள் வளவுக்கு வருவார். இறங்கி வந்து தண்ணீர் கேட்டால், அவர் பனையோலையைக் கோலி ஏந்துவார், மேலே இருந்து ஊற்றுவோம். எங்கள் வீட்டுக் கோப்பை அவர் வாயில் பட்டதில்லை. பேரன் லண்டனில் தன் கோப்பையைத் தானே கொண்டுவந்தது எதற்காக என்று அந்த மண்டபத்தில் எனக்கு விளங்கியது. இல்லை, அங்கே விளங்கியது மற்றவர்களுக்கு. எனக்கு அரைகுறையாக முன்பே தெரியும். என்ன பதில் வரும் என்று மோப்பம் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். மனேஜரை அடிக்க எனக்கு ஒரு தடி வேண்டியிருந்தது. கைக்கு எட்டினது அது.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, இஞ்ச ஒருத்தருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. லண்டனுக்கு வந்தும் உதுகளைப் பாக்கிற ஆக்களே நாங்கள்? ஆனா யாப்பு எண்டு ஒண்டு இருக்கு. படிவம் முழுசா நிரப்பேல்லை. ஒரு உபகுழு போட்டு விசாரிப்பம். அதுவரைக்கும் நீர் கொஞ்சம் ஓய்வெடும்."

உபகுழுவுக்கு மூன்று பேரைப் போட்டார்கள். அது ஒருநாளும் கூடவில்லை. கோல்கீப்பர் கோப்பையைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். மனேஜர் அணியின் சட்டைகள் இருந்த பையை மேடையில் தூக்கி வைத்துவிட்டு அவருக்குப் பின்னால் போனார். ஒருவரும் மறிக்கவில்லை. நானும் மறிக்கவில்லை. வென்றுவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு ஒரு ரோல்ஸ் சாப்பிட்டு முடிக்கிற நேரம் வரை இருந்தது.

அதற்குப் பிறகு மச்சான் மீண்டும் கோலுக்கு வந்தார். நான் பின்னால் நின்று கத்தினேன். அவர் திரும்பி, "ஐசே, நீர் சும்மா இரும். எனக்குத் தலை இடிக்குது" என்றார். எல்லா ஆட்டமும் தோற்றோம். ஆனாலும் எங்களுக்குக் கீழே இருந்த கழகமும் விடாமல் தோற்றுக்கொண்டிருந்தது. கடைசி ஆட்டத்தைச் சமம் செய்தால்கூடத் தப்பிவிடலாம் என்ற நிலை வந்தது.

அந்தக் கடைசி ஞாயிறு தலைவரின் மகளுக்குச் சாமத்தியவீடு. பெரியபிள்ளையானது வருடத் தொடக்கத்தில். மண்டபம் எடுத்து, ஐயரிடம் நாள் கேட்டு, கார்டு அடித்து அனுப்பியாயிற்று. ஆட்ட அட்டவணையில் கையெழுத்துப் போட்டவரும் அதே தலைவர்தான். இரண்டும் ஒரே நாள் என்பது பதினேழு பேரில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மச்சான்தான் கோல்கீப்பர், மச்சான்தான் பிள்ளையின் தாய்மாமன். தாய்மாமன் இல்லாமல் எப்படித் தண்ணீர் வார்ப்பது? நிர்வாகம் முழுக்க வேட்டி சால்வையோடு மண்டபத்தில். ஆட்டக்காரரில் சில பேர் சொந்தக்காரர், அவர்களும் மண்டபத்தில்.

மைதானத்துக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். நான் ஒன்பதாவது. "அண்ணை, நீங்கள் கோலில நில்லுங்கோ" என்றார்கள். நாற்பத்தொரு வயதில், பாண் தொழிற்சாலைச் சப்பாத்தோடு, அணியின் சட்டைகள் இருந்த பைக்குள் கிடந்த கையுறையை மாட்டிக்கொண்டு நின்றேன். கையுறை எனக்குப் பெரிது, மச்சானுக்கும் பெரிது. அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

பின்னால் நின்று பார்த்த மைதானம் வேறு. உள்ளே நின்றால் ஒன்றும் தெரியாது. பந்து வருகிறது, அதற்குள் நாலு பேர் வருகிறார்கள், எந்தப் பக்கம் யார் என்று புரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். முதல் கோர்ணருக்கு என்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தேன். புல்லும் வேலியும் மட்டும். யாராவது ஒரு சொல் சொன்னால் போதும் என்று இருந்தது. ஏழு கோல் வாங்கினேன். எதிரணிக்காரர்களே பாவம் பார்த்துக் கடைசியில் மெதுவாக அடித்தார்கள். கழகம் போனது. மாலையில் சாமத்தியவீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். தலைவர் பந்தியில், "அடுத்த வருசம் பாப்பம்" என்றார். அடுத்த வருடம் இல்லை என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் அங்கே இராணுவம் நெருங்கிவர, ஊரே எழும்பி நடந்தது. குண்டுக்குப் பயந்து, கையில் அகப்பட்டதோடு, கிழக்கும் மேற்கும் என்றில்லாமல் எல்லாச் சனமும் ஒரே தெருவில் மழைக்குள் நடந்ததாம். வானொலியில் கேட்டோம். தொலைபேசி ஒன்றும் வேலை செய்யவில்லை. மற்ற வருடங்களில் இப்படி ஒரு செய்தி வந்தால், போட்டி முடிந்த காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போவோம். யாருக்காவது ஒரு தகவல் வந்திருக்கும், யாருடைய குடும்பம் எங்கே என்று யாராவது சொல்லுவார்கள். அந்த ஞாயிறு நான் பழக்கதோஷத்தில் போனேன். வேறு இரண்டு அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து என் அக்கா குடும்பம் வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருப்பதாகக் கடிதம் வந்தது. அதைச் சொல்லி அழ எனக்கு ஊர்க்காரர் ஒருவர் வேண்டும்போல இருந்தது. மனேஜருக்குத் தொலைபேசி எடுத்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். பிறகு யோசிக்காமல் லூயிஷாமுக்கு ரயில் ஏறினேன்.

மத்தியான வேலை முடிந்த நேரம். கோல்கீப்பர் உணவகத்தின் பின்வாசலில் எண்ணெய்த் தகரத்தின் மேல் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழும்பினார். எனக்கு அதுவே தாங்க முடியவில்லை.

"தம்பி, நான் அண்டைக்கு மனேஜரிலதான் கோவத்தில கேட்டனான். உம்மில எனக்கு ஒண்டும் இல்லை."

"ஓம்" என்றார். கையிலிருந்த வெங்காயத்தை உரித்துச் சட்டிக்குள் போட்டார். பிறகு, "அக்கா ஆக்கள் எங்கையாம் அண்ணை?" என்று கேட்டார்.

கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். வெங்காயம் வசதியாக இருந்தது. "பிள்ளையளுக்கு ஒண்டுமில்லையே? அது போதும்" என்றார். பிறகு நான் அடுத்த வருடம் புதிதாக ஒரு கழகம் பதியலாம், யாப்பே இல்லாமல், நீர்தான் கோல்கீப்பர் என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"வாறன் எண்டு சொல்ல ஏலாது அண்ணை. கோவம் இல்லை. முன்னுக்கு வாற பந்தைத்தான் நான் பாத்துக்கொண்டு நிண்டனான். பின்னால நிண்டது எங்கட ஆள் எண்டு நினைச்சன்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். வெங்காயச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஸ்டேஷனுக்கு நடந்து, ரயில் ஏறி, ஜன்னலோரம் இருந்தேன். ரயில் இரண்டு ஸ்டேஷன் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரின் தாயும் அந்த மழைக்குள், அந்தத் தெருவில்தான் நடந்திருப்பா. மண்டபம் நிறைய ஆட்களுக்கு முன்னால் எந்தப் பக்கம், யாருடைய மகள் என்று கேட்டவன், அன்று அந்தத் தாய் எங்கே இருக்கிறா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.